பிறக்காத அரசின் தூதன்

தொப்பியைத் தலையிலேயே வைத்திருப்பதா, கழற்றி மடியில் வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அரசாங்க அலுவலகத்துக்குள் வருகிற ஆண் எவனும் தொப்பி இல்லாமல் வரக்கூடாது என்று இந்தச் சயாம் தேசத்தில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தபின் அதை என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை போலிருக்கிறது. எதிர் பெஞ்சில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தலையில் இருக்கிறது, ஒருவருக்கு மடியில் இருக்கிறது, மூன்றாமவர் தன்னுடையதால் விசிறிக்கொள்கிறார். தைப்பிங் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். பாங்காக் என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி, ஆற்றின் பெயர், ஏற்றுமதி அரிசியும் தேக்கும். அவ்வளவுதான், அடுத்த ஊர். அந்தப் புள்ளிக்குள் ஒரு வெளிவிவகார இலாகா இருக்கும், அதில் உயரமான ஜன்னல்கள் வைத்த ஒரு காத்திருப்பு அறை இருக்கும், அந்த அறையில் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேதமாணிக்கம் வாத்தியார் தொப்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. மடியில் வைத்துக்கொள்கிறேன். மணி பத்து இருபது. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். வெளியே மழை பெய்கிறது. ஆகஸ்டு மாதத்து மழை, பெய்துகொண்டே இருக்கிறது என்பதே மறந்துபோகிற மாதிரி பெய்கிறது. பக்கத்தில் மீராசா மரைக்காயர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தூங்கவில்லை. வெற்றிலை போடாத வாயின் துக்கத்தை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். வெற்றிலைக்கும் இந்த ஊரில் தடை. முப்பது வருஷமாக இங்கே ரத்தினக் கல் வியாபாரம் பண்ணுகிறவர், நீலமும் சிவப்பும் தவிர வேறு எதையும் சட்டை பண்ணாதவர், எனக்காகக் காலையிலிருந்து வாயைக் கழுவி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் காயல்பட்டினம், நான் நாசரேத். ஊரில் இருந்திருந்தால் மாட்டு வண்டியில் ஒரு பகல் தூரம், அப்படியும் பார்த்திருக்க மாட்டோம். இங்கே முதல் நாள் என் பேச்சைக் கேட்டதும், "திருநெல்வேலிச் சீமையா வாத்தியாரே? வாரும், சாப்பிட வாரும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு அவர் காக்கா. அண்ணனை அவர் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் இந்திய சுதந்திரச் சங்கத்தில் அவருக்கு ஒரு பதவியும் கிடையாது. ஆனால் நான் தமிழில் சொல்வதைச் சயாம் பாஷையில் சொல்ல அவரைவிட்டால் ஆளும் கிடையாது.

மேன்மை தங்கிய ஐயா, விரைவில் அமையவிருக்கும் சுதந்திர இந்திய அரசை, அது அமைந்த அன்றே தங்கள் அரசு அங்கீகரிக்கும் என்ற வாக்குறுதியை நாடி வந்திருக்கிறேன். இதுதான் வாக்கியம். நான்கு நாளாக மனப்பாடம் பண்ணுகிறேன். பிள்ளைகளை எத்தனை மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறேன், எத்தனை பேரை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன், அந்தப் பாவமெல்லாம் இப்போது திரும்பி வருகிறது. 'அமைந்த அன்றே' வரைக்கும் தடையில்லாமல் போகிறது. அந்த இடத்தில் வந்ததும் கண்முன் ஒரு நெல் கிடங்கு வந்துவிடுகிறது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறேன். மேன்மை தங்கிய ஐயா. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தான், வெள்ளைக்காரன் ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டினான். கிளப்பிலிருந்து போகும்போது நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போனான், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் சங்கம் வந்தது. நமக்கென்று ஒரு படை, நமக்கென்று ஓர் அரசு, பர்மா வழியாக ஊருக்கு நடந்தே போய் வெள்ளைக்காரனை அனுப்பிவிடுவது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தேன். இங்கிலீஷ் எழுதத் தெரியும், எந்த நாடு எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பதால் என்னை வெளிநாட்டுப் பிரதிநிதி ஆக்கினார்கள். என் மனைவி சலோமி அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "எல்லா நாட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுனீங்க. இப்ப படத்துலயே இல்லாத நாட்டுக்கு வேலைக்குப் போறீங்க. சம்பளம் எந்த ராஜா குடுப்பாரு?" கேலியாகத்தான் கேட்டாள். இரவெல்லாம் உட்கார்ந்து இந்தக் கோட்டின் அக்குள் கிழிசலையும் அவள்தான் தைத்தாள். கையைத் தூக்கினால் அந்தத் தையல் கடிக்கிறது. கல்யாணத்தின்போது இருந்த உடம்பு இப்போது இளைத்துவிட்டது, ஆனாலும் கோட்டு எப்படியோ இறுகத்தான் செய்கிறது. கடிக்கட்டும். அவள் விரல் பட்ட இடம். கையை அசைத்து அந்தக் கடியை ஒருமுறை வாங்கிக்கொள்கிறேன்.

ஒண்ணே ஒண்ணுதான் கேட்கவேண்டும். சங்கத்தின் செயலாளர் சங்கரநாராயணன் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். சிங்கப்பூரில் பெரிய வக்கீலாக இருந்தவர். எனக்கு டை கட்டத் தெரியாது என்று தெரிந்து இன்று காலை கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி அவரே கட்டிவிட்டார். முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்து மறுபடியும் கட்டினார். "இன்னிக்கு ஒண்ணுதான் கேக்கணும் வேதமாணிக்கம். ரெண்டு கேட்டா ரெண்டும் போயிடும். அந்த பர்மா ரயில் விஷயத்தைப் பத்தி வாயே திறக்காதீங்கோ. ஜப்பான்காராளுக்குத் தெரிஞ்சா நாளைக்கு இந்த ஆபீஸ் இருக்காது, படை இருக்காது, ஒண்ணும் இருக்காது. புரியறதா?" புரிகிறது என்றேன். புரியாமல் என்ன. அவர் கெட்டவர் இல்லை. வீடு கட்டுகிறவன் மாதிரி ஒவ்வொரு செங்கல்லாக வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கல்லை உருவினால் என்ன ஆகும் என்று தெரிந்தவருடைய பயம் அது. என் பயம் வேறு. மேன்மை தங்கிய ஐயா, விரைவில் அமையவிருக்கும். காலடிச் சத்தம். தாழ்வாரத்தில் பூட்ஸ் காலடி. கழுத்து தானாகவே திரும்புகிறது. இல்லை, தபால்காரன் யாரோ. காப்டன் மொரித்தா இல்லை. எந்த மந்திரியைப் பார்க்கப் போனாலும் எங்களோடு மொரித்தா வருவார். ஜப்பான் படையின் தொடர்பு அதிகாரி. ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதுவார். நான் இருமினால் அதையும் எழுதுவாரோ என்று நினைப்பேன். ஒருநாள் ரயிலில் தன் மகளின் படத்தைக் காட்டினார், குட்டைப் பாவாடையும் பெரிய பற்களுமாகச் சிரிக்கிற பெண். அவரையும் முழுதாக வெறுக்க முடியவில்லை, அது ஒரு தொந்தரவு. நேற்று அவருக்குக் காய்ச்சல். இன்று வரமாட்டார். நாளை வந்துவிடுவார். எனக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு முற்பகல். இதைச் சங்கரநாராயணன் நல்ல சகுனம் என்றார், வாக்குறுதி கேட்பதற்கு வசதி என்றார். நான் வேறு எதையோ நினைத்தேன். அந்த வேறு எதுவோதான் 'அமைந்த அன்றே' என்கிற இடத்தில் வந்து நிற்கிறது.

பத்து நாளைக்கு முன் பான்போங் பக்கம் போயிருந்தோம், காக்காவும் நானும். சங்கத்துக்கு ஆள் சேர்க்கிற கூட்டம் என்று அனுப்பினார்கள். ரயிலை விட்டு இறங்கி, சேற்றில் நடந்து, ஆற்றோரம் ஒரு புத்த கோயிலைத் தாண்டினால் பழைய நெல் கிடங்கு. கூட்டம் என்றார்கள். படுத்திருந்தார்கள். தரை முழுக்கப் படுத்திருந்தார்கள். நான் பார்த்த முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருவரையும் தெரியாது, ஆனாலும் தெரிந்த முகங்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள். எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு வாளியோடு போகிறவர்கள். பர்மாவுக்கு ரயில் போடுகிற வேலை, மூன்று மாதம்தான், நல்ல அரிசி, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று சொல்லி ஜப்பான்காரர்கள் சாமான் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். வரமாட்டேன் என்றவர்களையும் ஏற்றியிருக்கிறார்கள். காட்டுக்குள் மழையில் மூங்கில் கொட்டகை, வாந்திபேதி, காய்ச்சல், காலில் எலும்பு தெரிகிற புண். நடக்க முடிந்தவர்கள் ஓடிவந்து இங்கே விழுந்து கிடக்கிறார்கள். கோயில் சாமியார்கள் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஓடிவந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொல்லி ஜப்பான் ரயில் படையிடமிருந்து தாக்கீது வந்திருக்கிறதாம். நான் என்ன பண்ணினேன்? பேசத்தானே அனுப்பினார்கள். ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறிப் பேசினேன். நமக்கென்று ஓர் அரசு வரப்போகிறது என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது, வாத்தியார் குரல், பின் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். யாரும் கை தட்டவில்லை. கிட்டே சுவரில் சாய்ந்திருந்த பெண் ஒருத்தி கேட்டாள். பேர் குப்பாயி, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். "நீங்க எந்த கவுருமெண்டு சாமி?" நம்ம கவர்மெண்டு அம்மா, என்றேன். "வந்துருச்சா, வரப்போவுதா?" வரப்போகுது. "நீங்க அதோட ஆளா?" ஆமாம் அம்மா. அவள் யோசித்தாள். அவள் கை பக்கத்தில் கிடந்த ஒருவனின் நெற்றியில் இருந்தது. புருஷனா என்று கேட்டதற்கு, "இல்ல சாமி, எம் புருசன் மேக்கத்திக் கேம்புலயே போய்ச் சேந்துட்டாரு. இவரு யாரோ. பேரு தெரியல. கொதிக்குது, அதான் கைய வச்சிருக்கேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப எங்கள எப்ப கூட்டிக்கிட்டுப் போவீங்க?"

பார்க்கிறேன் அம்மா, என்றேன். பார்க்கிறேன். எந்தத் தாலுகா கச்சேரியில் எந்தக் குமாஸ்தா அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தான் தெரியவில்லை, எங்கள் அரசு பிறக்கிறதுக்கு முன்னாலேயே நான் அதைச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் பேச முடியாமல், பழக்கதோஷத்தால், பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஆஜர் எடுக்க உட்கார்ந்துவிட்டேன். பேர், தோட்டம், யார் கூட வந்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து எழுதினேன். பேர் சொல்ல முடியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். குப்பாயி கை வைத்திருந்தவனுக்கு யாரும் சொல்லவில்லை. 'ஒருவர்' என்று எழுதிக்கொண்டேன். மத்தியானம் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரத்தில் முடிந்தது. முந்நூற்று ஐம்பத்தெட்டு. அதற்கப்புறம் கோயில் சாமியார் காக்காவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நோட்டில் சில பேர்களை அடிக்கிறேன், எண் குறைந்துகொண்டே வருகிறது. இன்று காலையில் முந்நூற்று நாற்பது. சலோமி போன கடிதத்தில் எழுதியிருந்தாள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக வருகிற ஆட்கள்தான் இல்லை, நானே நாலு பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன், உங்கள் புத்தக அறையைக் காலிபண்ணி அதில் படுக்க வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபமா. அந்த வரியைப் படித்துவிட்டுக் காக்கா வீட்டு மாடிப்படியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு பெரிய பலாச்சுளையைக் கையில் வைத்துவிட்டுப் போனார். மேன்மை தங்கிய ஐயா. நான் அந்த வாக்குறுதியைக் கேட்டு, இந்தக் கிடங்கைப் பற்றிக் கேட்காமல் திரும்பினால் நான் தூதன். இதைக் கேட்டு அது கெட்டுப்போனால் நான் துரோகி. இரண்டையும் கேட்டு இரண்டும் போனால்? படை பர்மா எல்லையில் நிற்கப்போகிறது, முப்பது லட்சம் பேர் இந்தக் கீழ்த்திசையில் இருக்கிறோம், நாற்பது கோடி பேர் ஊரில் இருக்கிறார்கள், அதற்கு முன்னால் ஒரு கிடங்கு என்ன. சங்கரநாராயணன் இப்படிக் கேட்கவில்லை, அவர் நாகரிகமானவர், நான்தான் அவர் குரலில் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். குப்பாயியின் குரல்தான் குறுக்கே வருகிறது. கொதிக்குது, அதான் கைய வச்சிருக்கேன்.

"வாத்தியாரே." காக்கா கண்ணைத் திறக்காமலே பேசுகிறார். "உள்ள இருக்காரே இலாகா அதிகாரி லுவாங் சம்ரித், அவரை ரெண்டு தரம் பாத்திருக்கேன். கையில மோதிரமே போடமாட்டாரு. நீலம் போட்டவன், கெம்பு போட்டவன், யார்கிட்டயும் எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும். வெறுங்கைக்காரன்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியலியே."

"நான் சொல்லுததை அப்படியே சொல்லுங்க காக்கா. போதும்."

"அப்படியே சொல்லுதேன். நீரு என்ன சொல்லப்போறீருன்னுதான் பயமா இருக்கு." ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறார். "பத்து நாளா உம்ம மூஞ்சி சரியில்ல."

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்து என் பேரை யாரோ நாலு துண்டாக உடைத்துக் கூப்பிடுகிறார்கள். எழுந்திருக்கும்போது தொப்பி கீழே விழுகிறது. காக்கா எடுத்து, தட்டி, என் தலையில் வைத்து, கொஞ்சம் சரித்துவிட்டு, "இப்ப சரி" என்கிறார். உள்ளே பெரிய மேசை. ஒரு விசிறி சுற்றுகிறது. லுவாங் சம்ரித்துக்கு ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு குமாஸ்தா. வணக்கம் சொல்கிறோம், உட்காரச் சொல்கிறார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், பினாங்கில் படித்தவராம், ஆனாலும் ராஜாங்க விஷயம் அவரவர் பாஷையில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. என் பாஷையில் தொடங்குகிறேன். மேன்மை தங்கிய ஐயா, விரைவில் அமையவிருக்கும் சுதந்திர இந்திய அரசை, அது அமைந்த அன்றே. நிற்கவில்லை. தாண்டிவிட்டேன். வாக்கியம் முழுதாக வெளியே வந்துவிட்டது, காக்கா அதை வாங்கி அந்தப் பாட்டு மாதிரியான பாஷையில் இறக்கி வைக்கிறார். குமாஸ்தாவின் பேனா ஓடுகிறது. லுவாங் சம்ரித் தலையசைக்கிறார். அனுதாபத்தோடு பரிசீலிப்போம் என்கிறார். பிறகு விரல்களைக் கோத்துக்கொண்டு மெதுவாகச் சொல்கிறார், காக்கா ஒவ்வொரு துண்டாகத் தமிழில் தருகிறார்: "ஒரு அரசுன்னா நிலம் வேணும், மக்கள் வேணும்னு சட்டப் புஸ்தகத்துல இருக்காம். நிலத்தைப் பத்திக் கேக்க மாட்டாராம், அது உங்களுக்குச் சங்கடம்னு அவருக்குத் தெரியுமாம். ஆனா மேல எழுதுறதுக்கு ஒரு விவரம் வேணுமாம். இன்னைய தேதிக்கு உங்க பொறுப்புல எத்தனை மக்கள்?"

இந்தக் கேள்வியும் வரும் என்று சங்கரநாராயணன் சொல்லியிருந்தார். பதிலும் கொடுத்திருந்தார். முப்பது லட்சம். பர்மா, மலாயா, சயாம், சுமத்ரா, எல்லாம் கூட்டி முப்பது லட்சம். வாயில் அது தயாராக இருந்தது. பொறுப்பு என்று காக்கா சொன்னாரே, அவர் வார்த்தையா, அந்த மனிதரின் வார்த்தையா. முப்பது லட்சத்தில் எனக்கு யாரைத் தெரியும். யார் என்னைப் பார்த்து எப்போ கூட்டிக்கொண்டு போவாய் என்று கேட்டார்கள். கோட்டின் தையல் கடித்தது.

"முந்நூற்று நாற்பது" என்றேன்.

காக்கா மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில், "லட்சம் விட்டுப்போச்சு வாத்தியாரே" என்றார்.

"விட்டுப்போகல காக்கா. முந்நூத்தி நாப்பது. இன்னைக்குக் காலையில வரைக்கும். அப்படியே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற பார்வை. பிறகு திரும்பி அப்படியே சொன்னார். குமாஸ்தாவின் பேனா நின்றது. லுவாங் சம்ரித் அந்தப் பேனாவைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம் தேநீர் கொண்டு வரச் சொன்னார். கதவு மூடியதும் இங்கிலீஷுக்கு மாறினார். எங்கே என்றார். சொன்னேன். பான்போங், ஆற்றோரம், கோயில், கிடங்கு. ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. காலில் எலும்பு தெரிகிறது என்பதைச் சொல்ல இங்கிலீஷில் வார்த்தை தேடி, கிடைக்காமல், என் முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். ராஜதந்திரிகள் இப்படிக் கால்சட்டையைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள். நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அடித்துவிட்ட பேர்களில் அவர் விரல் நின்றது. இவை என்ன என்று கேட்கவில்லை.

"இதைக் கேட்க உங்கள் சங்கம் அனுப்பியதா?"

"இல்லை. முதலில் கேட்டதைத்தான் கேட்கச் சொன்னார்கள். இது நான் கேட்பது."

"ஜப்பானிய அதிகாரிக்குத் தெரியுமா?"

"அவருக்குக் காய்ச்சல்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்போது குணமாகும்?"

"நாளை வந்துவிடுவார் என்று நினைக்கிறேன்."

"அப்படியானால் இன்றே செய்யவேண்டும்" என்றார், காய்கறி வாங்கிவரச் சொல்கிற குரலில். 'இன்றே' என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். அவர் தொடர்ந்து பேசினார், நான் பாதியைத்தான் கேட்டேன், மீதியைப் பிறகு, வியாபாரத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் தெரிந்த காக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். ரயில் படையோடு மோத அவரால் முடியாது, அவர் நாட்டாலும் முடியாது. ஆனால் தொற்றுநோய் வந்த இடத்தைச் சுகாதார அதிகாரி மூடி முத்திரை வைக்கலாம். அங்கே இருப்பவரை வெளியே கொண்டுபோகக் கூடாது, வெளியார் உள்ளே போகக் கூடாது. வாந்திபேதி என்று பலகை வைத்தால் சிப்பாய்களும் கிட்டே வரமாட்டார்கள். மாகாண அதிகாரி அவருடைய மைத்துனர், கொய்னா மாத்திரை கொஞ்சம் அங்கிருந்து வரும். நோயாளிகளுக்கு இந்தியப் பிரதிநிதி பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும், அதில் நான் கையெழுத்துப் போடவேண்டும். "ஆனால் ஒன்று" என்றார். "என் மேசையிலிருந்து இந்தியர்களைப் பற்றி ஒரே நாளில் இரண்டு தாள் மேலே போனால் இரண்டையும் ஊன்றிப் படிப்பார்கள். ஒன்றுதான் போகலாம். உங்கள் முதல் விண்ணப்பம் என் இழுப்பறையில் இருக்கும். எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. வேறு யாராவது முந்திக்கொண்டு அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டு போகலாம். எதை அனுப்பட்டும்?"

யோசிக்க நேரம் கொடுத்தார். நல்ல மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியாது. படம் மாட்டாத சுவரைப் பார்த்தேன். நான்கு நாள் மனப்பாடம் பண்ணினேனே. டை கட்டிவிட்ட அந்தக் கை. வெளியே போய் ஜெயித்துவிட்டேன் என்று சொன்னால் அந்த மனிதர் முகம் எப்படி மலரும் என்று இரண்டு நாளாகக் கற்பனை பண்ணிவைத்திருந்தேன். தைப்பிங் போனதும் சலோமியிடம் சொல்ல, இதோ பார், நீ சொன்னாயே, படத்தில் இல்லாத நாடு, அதை ஒரு ராஜ்யம் ஒத்துக்கொண்டது, கையெழுத்து வாங்கினது நான்தான். அவள் என்ன கேட்பாள்? அவள் அதையெல்லாம் கேட்டுவிட்டு, புத்தக அறையில் படுத்திருக்கிற அந்த நாலு பிள்ளைகளைக் காட்டி, இவங்க அப்பன்மாரைப் பார்த்தீங்களா என்றுதான் கேட்பாள். "இரண்டாவதை" என்றேன். காக்கா ஒரு பெருமூச்சு விட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். பேருக்குக் கீழே பதவி என்று ஒரு கோடு இருந்தது, பேனா அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. தூதர் என்று தமிழில் எழுதினேன். அவரால் படிக்க முடியாது என்பதால் வந்த தைரியம். தேநீர் வந்தது. குடித்தோம். குமாஸ்தா திரும்பவும் குறிப்பு எழுத உட்கார்ந்ததும் லுவாங் சம்ரித் சயாம் பாஷையில் உரத்த குரலில் பருவமழையைப் பற்றிப் பேசினார், காக்கா அதையும் விடாமல் எனக்கு மொழிபெயர்த்தார்.

இப்போது வாசல் காவலர் அறையில் இருக்கிற டெலிபோன் முன்னால் நிற்கிறேன். மாகாண அதிகாரிக்குக் கொடுக்கவேண்டிய உத்தரவின் நகல் காக்காவின் சட்டைக்குள் இருக்கிறது, நனையக்கூடாது என்று இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். நேரே ரயிலடிக்குப் போய்விடலாம் வாத்தியாரே, சாயங்காலம் சொல்லிக்கலாம் என்றார். இல்லை, சங்கரநாராயணன் வழி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்லியாக வேண்டும். இணைப்பு வர நெடுநேரம் ஆகிறது. கடகடவென்று சத்தம், அப்புறம் சங்கரநாராயணனின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து. "சொல்லுங்கோ. என்னாச்சு?" வரிசையாகச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் கொடுத்த எண்ணை நான் சொல்லாததையும் சொன்னேன். விண்ணப்பம் இழுப்பறையில் இருக்கிறது என்றேன். நாளை என் ராஜினாமாவை எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். காதில் இரைச்சல்தான். மழைச் சத்தமா, கம்பிச் சத்தமா தெரியவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். மூச்சுவிடுவது கேட்டது. கட்டிடத்திலிருந்து உருவிய கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைத் திட்டட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது, நான் அவரை ஒரு வருஷமாக அண்ணன் மாதிரி நினைத்திருக்கிறேன், திட்டினால் தாங்கிக்கொள்வேன், இப்படிப் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"அந்த மொரித்தாவை நான் பாத்துக்கறேன்" என்றது குரல் கடைசியில். கரகரத்திருந்தது. "அங்க அரிசி யார் போடறா?"

"கோயில்ல. இன்னும் மூணு நாளைக்கு இருக்குன்னு சொன்னாங்க."

"நாலு மணி வண்டிக்கு எட்டு மூட்டை ஏத்தச் சொல்றேன். நீங்க கூடவே போங்கோ. ராஜினாமாவெல்லாம் அப்பறம் எழுதிக்கலாம்." யாரையோ கூப்பிட்டு எட்டு மூட்டை என்று சொல்வது கேட்டது. "ஏன் வேதமாணிக்கம், இந்த ஊர் பச்சரிசி காய்ச்சல்காராளுக்கு ஒத்துக்குமோ? அவாளுக்குப் புழுங்கல்தானே பழக்கம்?"

காக்கா என் முழங்கையை இடிக்கிறார். "என்ன சொல்லுதாரு? கோவமா இருக்காரா?"

டெலிபோன் வாயைக் கையால் பொத்திக்கொள்கிறேன். "பச்சரிசியா புழுங்கலான்னு கேக்காரு காக்கா."

காக்கா டெலிபோனைப் பார்க்கிறார். மழையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், நெஞ்சைப் பொத்திய கையை எடுக்காமலே முகத்தைத் தோளில் துடைத்துக்கொள்கிறார். "புழுங்கல்னு சொல்லும்" என்கிறார். "சீலோம் தெருவுல எனக்குத் தெரிஞ்ச கிடங்குல ரங்கூன் புழுங்கல் கிடக்கு. நான் எடுத்துத் தாரேன்னு சொல்லும். கஞ்சின்னா அதுலதான் வைக்கணும்."

கையை எடுக்கிறேன். "புழுங்கல்" என்கிறேன் டெலிபோனில்.